நாகமரைக் கரையில் பத்து மாதம் கிடந்த படகு எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் தண்ணீர் பின்னோக்கித் தேங்கி, தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துக்குள் வெகுதூரம் வந்து நிற்கிறது. ஒட்டனூர், நாகமரை எல்லாம் இந்தக் கரை. கோட்டையூர், பண்ணவாடி எதிர்க்கரை. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் இறங்க இறங்கப் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய தேவாலயக் கோபுரம் தெரியும். இன்னும் இறங்கி 70 அடியை ஒட்டி வரும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை தெரியும். நந்தி தெரிந்துவிட்டால் இந்தக் கரைக்காரர்கள் பெரிய படகுகளை மேலே ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் விலகிய நிலத்தில் கம்பும் சோளமும் விதைப்பார்கள்.

இந்த ஆய்வில் வரும் படகு, மீன் ஏற்றி வரவும் பரிசல்களை இழுத்து விடவும் பயன்பட்ட ஃபைபர் படகு. உரிமையாளருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. முன்பு பல வருடம் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்திருந்தவர். 2022-இல் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பயன்படுத்திய 20 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினை (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) வாங்கி வந்தார். அதில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும். பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும், அவசரத்துக்குக் கயிறும் உண்டு. மகன்தான் படகை ஓட்டுவார்.

நான் பென்னாகரத்தில் பம்புசெட்டும் டீசல் எஞ்சினும் பழுது பார்ப்பவன். அவுட்போர்டு வேலை பிறகு வந்து சேர்ந்தது. பழைய எஞ்சினில் பழகிய கை புது எஞ்சினில் அதையே செய்யும்போது என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு எஞ்சினிலேயே முழுதாகப் பார்த்தேன். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

2023 செப்டம்பர்: கரையேற்றிய விதம்

2023 ஜூன் 12 குறுவைக்கு அணை திறந்தபோது நீர்மட்டம் 103 அடிக்கு மேல் இருந்தது. மழை ஏமாற்றியது, வரத்து இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் 30 அடி சொச்சத்துக்கு வந்துவிட்டது. இவர்கள் செப்டம்பர் முதல் வாரமே படகை ஏற்றிவிட்டார்கள்.

அன்று செய்ததை மகன் பின்னால் எனக்கு ஒன்று விடாமல் சொன்னார். கரைக்கு வந்ததும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டிருக்கிறார்கள். எஞ்சினைப் படகிலேயே தூக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். மேலே தார்ப்பாய். டேங்கில் பாதிப் பெட்ரோல் அப்படியே இருந்தது, மூடியில் காற்றுத் துளை திறந்தே இருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை. ஆயில் எதையும் மாற்றவில்லை.

எஞ்சினோடு வந்த கையேட்டில் நீண்ட நாள் நிறுத்தி வைப்பது பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் அதைப் படித்துச் சொல்ல உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பு 'குளிர்காலச் சேமிப்பு' என்று இருந்ததும் அப்பா, "நமக்கேதும்மா குளிர்காலம், இதென்ன ஊட்டியா? அடுத்ததப் படி" என்று சொல்லிவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏரி உறைந்துபோகும் நாட்டுக்காரர்கள் எழுதிய தலைப்பு அது. அங்கே எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து இரும்பையே பிளக்கும். இங்கே பிளக்காது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் உறைதல் பற்றிய வரிகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் எஞ்சின் மாதக் கணக்கில் சும்மா கிடப்பதைப் பற்றியது. நம்முடைய எஞ்சின் சும்மா கிடப்பது கோடையில், தார்ப்பாய்க்கு அடியில் அனல் பறக்கும் மாதங்களில். அந்தச் சூட்டில் பெட்ரோலும் ரப்பரும் இன்னும் சீக்கிரம் கெடும்.

2024 ஜூலை: தண்ணீர் வந்த வாரம்

ஜூலை நடுவில் 50 அடியை ஒட்டிக் கிடந்த நீர்மட்டம், கர்நாடக அணைகள் நிரம்பி உபரி நீர் வந்ததும் ஏறியது. ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்டது. இரண்டே வாரம். பயிர் நின்ற நிலமெல்லாம் மூழ்க மூழ்கப் படகை மேலே மேலே நகர்த்திக்கொண்டே வந்தார்கள்.

முதலில் பேட்டரி அசையவில்லை. டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துச் சுற்றினார்கள். எஞ்சின் பிடித்து, இருமி, நின்றது. கயிறு இழுத்தார்கள், மறுபடியும் அதேதான். பெட்ரோல் ஹோஸின் பல்பை (கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் உருண்டை) அமுக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரம் ஓடியது. அப்படி ஓடியபோது, எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீரை வெளியே பீய்ச்சும் துளையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. எஞ்சின் கீச்சென்று அலாரம் கொடுத்தது. பேட்டரி இறங்கியதற்குத்தான் கத்துகிறது என்று நினைத்து, மூன்று நான்கு நிமிடம் ஓட்டியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டையே போச்சு. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ." "அண்ணா, நான் வர்ற வரைக்கும் அதை மறுபடி சுத்தவே சுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பிரித்துப் பார்த்ததில் கண்டவை

முதல் நாள் நான் இன்ஜெக்டரில் ஆரம்பித்தேன். அது தப்பு. இருமி நிற்கிறது என்றதும் இன்ஜெக்டர் அடைப்பு என்று மனதில் முடிவு கட்டிவிட்டேன். இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதில் ஒரு நாள் போனது, எஞ்சின் அதேபோல் நின்றது. அதன் பிறகுதான் பெட்ரோல் வரும் பாதையை டேங்கிலிருந்து வரிசையாகப் பார்த்தேன்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம். மேலே மஞ்சளாக ஒரு பாகம், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறொரு பாகம், நடுவில் கோடு போட்டதுபோல் பிரிவு. இப்போது பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கு, திறந்த காற்றுத் துளை, பகல் சூடு, இரவுக் குளிர்ச்சி என்று மாதக் கணக்கில் போனால் ஈரம் சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். உரிமையாளர் பாட்டிலை வாங்கி, திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

அடுத்தது வேப்பர் செப்பரேட்டர். இன்ஜெக்டர் எஞ்சினில் கீழ் அழுத்த பம்ப் அனுப்பும் பெட்ரோல் இந்தச் சின்னக் கிண்ணத்தில் நிறையும். இதற்குள் இருக்கும் உயர் அழுத்த பம்ப் அதை இன்ஜெக்டருக்குத் தள்ளும். கிண்ணத்தைத் திறந்ததும் வார்னிஷ் வாடை. அடியில் தேன் பாகுபோல் பழுப்புப் பிசின், சுவரில் வெள்ளைப் பொடியாக அரிப்பு. பம்ப்பின் வலை வடிகட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. பம்ப்பைத் தனியே பேட்டரியில் கொடுத்துப் பார்த்தால் முனகியது, அழுத்தம் ஏறவில்லை.

காரணம் ஹோஸைக் கழற்றி வறள ஓட விட்டது. பழைய கார்புரேட்டர் எஞ்சினில் அது நல்ல பழக்கம், கிண்ணம் காலியாகிவிடும். இங்கே அப்படியில்லை. உயர் அழுத்த பம்ப்புக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் கொடுப்பது அதன் வழியே ஓடும் பெட்ரோல்தான். பெட்ரோல் தீர்ந்து காற்றை இழுத்துச் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது தேயும். இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இல்லை, தினமும் சாயங்காலம் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். போதாததற்கு, வறள ஓடினாலும் கிண்ணம் முழுதாகக் காலியாவதில்லை. மிச்சமான அந்தக் கொஞ்சம்தான் பத்து மாதத்தில் பிசினானது.

தண்ணீர் வராததற்கு இரண்டு காரணம். பீய்ச்சும் துளைக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒரு கம்பியை விட்டுத் தோண்டியதும் உலர்ந்த மண்ணும் அதற்குள் செத்த புழுக்களும் வந்தன. அதை எடுத்த பிறகும் தண்ணீர் வரவில்லை. கீழ்ப்பாகத்தைக் கழற்றி, குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பார்த்தோம். ஆறு ரப்பர் இதழில் இரண்டு இல்லை, மீதி நான்கும் ஒரே பக்கமாக வளைந்து விறைத்துப்போயிருந்தன. மாதக் கணக்கில் ஒரே நிலையில் அமுங்கிக் கிடந்த ரப்பர் அந்த வளைவிலேயே இறுகிவிடும். அதன்பின் தண்ணீரில்லாமல் சுற்றியதும் முறிந்தது. முறிந்த துண்டுகள் எங்கே என்பது அடுத்த கேள்வி. செய்தித்தாளை விரித்து, கிடைத்ததையெல்லாம் அதில் அடுக்கி இதழின் வடிவம் முழுதாகச் சேரும் வரை தேடினோம். பம்ப் கூட்டுக்குள் ஒன்று, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வாயில் மற்றது. தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக் கடல் உப்பு கல்லாகப் படிந்திருந்தது, பழைய உரிமையாளர் காலத்து மிச்சம்.

கியர் பாக்ஸின் அடித் திருகைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர். அதன் பின்னால் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் தண்டில் தங்கூசி நரம்பு சுற்றி, இறுகி, சீலுக்குள் அறுத்துக்கொண்டு போயிருந்தது. வலைக்காரர்கள் நிறைந்த தண்ணீரில் இது நடக்கத்தான் செய்யும். பனி நாடாக இருந்திருந்தால் உள்ளே நின்ற தண்ணீர் கூட்டையே வெடிக்க வைத்திருக்கும். இங்கே ஒரு பேரிங்கில் துரு வளையம் போட்டதோடு விட்டது.

பேட்டரி முழுக்கச் செத்துப்போனது. எலி ஒயர் ஒன்றைக் கொறித்திருந்தது, செம்பு வெளியே தெரியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புது எஞ்சின் வாங்கிவிடலாமா என்று மகன் கேட்டார். சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகு பதில் சொல்கிறேன் என்றேன். இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல் இருந்தன, பிளக் துளை வழியே பார்த்தபோது சுவரில் கீறல் இல்லை. அலாரம் அடித்தும் ஓட்டிய அந்தச் சில நிமிடம் பெரிய சேதம் செய்யவில்லை. ஆகவே சரி செய்வது என்று முடிவானது.

உயர் அழுத்த பம்ப்பைச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று உரிமையாளருக்கு ஆசை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் நடுவில், வெள்ளம் வரும் நாளில் நின்றுபோகக்கூடிய ஒன்றை மாட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புது பம்ப், புது இம்பெல்லர், புது தெர்மோஸ்டாட், புரொப்பெல்லர் தண்டின் சீல்கள், துருவேறிய பேரிங், பேட்டரி மாற்றினோம். இன்ஜெக்டர்கள் முதல் நாள் சுத்தம் செய்ததே போதுமானதாக இருந்தது. பழைய பெட்ரோலில் புதுப் பெட்ரோலைக் கலந்து தீர்த்துவிடலாம் என்ற யோசனையையும் விட்டோம். பிரிந்துபோனது திரும்பச் சேராது. டேங்கை முழுக்கக் காலி செய்து, காய வைத்து, தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியையும் மாற்றினோம்.

உதிரிபாகம் சென்னையிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. அந்த நாட்களில் வெள்ள வரத்தால் யாரும் படகு இறக்கவில்லை என்பதால் நஷ்டம் பாதிதான். அதற்குப் பின் ஆகஸ்டில் மற்றவர்கள் தொழிலுக்குப் போன இரண்டு வாரம் இவர்கள் கரையில் இருந்தார்கள்.

2025 பிப்ரவரி: இரண்டாம் முறை

2025-இல் தண்ணீர் வற்றவே இல்லை. ஆனால் படகின் அடிப்பாகத்தில் ஃபைபர் உரிந்து வந்ததால் பிப்ரவரியில் கரையேற்றினார்கள். கைச்செலவு பார்த்து வேலை முடிய ஜூன் ஆகும் என்று தெரிந்தது. நான்கு மாதம். இந்த முறை கூப்பிட்டுவிட்டுத்தான் ஏற்றினார்கள். கையேட்டின் அந்த இரண்டு பக்கத்தை மகள் படிக்க, ஒவ்வொரு வரியையும் நம் ஊருக்கு எப்படிச் செய்வது என்று பேசிச் செய்தோம்.

கரையேற்றும் முந்தைய நாள் சின்ன கேனில் புதுப் பெட்ரோல், அதில் அளவாக ஸ்டெபிலைசர், கூடவே கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில். ஸ்டெபிலைசர் கெட்ட பெட்ரோலை நல்லதாக்காது, நல்லது கெடுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எஞ்சினின் கீழ்ப்பாகத்தை ஒரு பெரிய டிரம்மில் நல்ல தண்ணீரில் நிறுத்தி, அந்தப் பெட்ரோலில் பதினைந்து நிமிடம் ஓட்டினோம். மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் முனை வரை போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். உள்ளே இருந்த சேறும் கழுவிப் போனது. பிறகு சாவியில் நிறுத்தினோம். வறள விடவில்லை.

ஆயில் சூடாக இருக்கும்போதே எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். இறக்கும்போது மாற்றிக்கொள்ளலாமே என்பது எல்லோரும் கேட்பது. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கரைந்திருக்கும். அதை நான்கு மாதம் பேரிங் மேல் உட்கார வைப்பானேன்? கியர் ஆயிலை இறக்கினோம், நிறம் மாறவில்லை, சீல் நின்றிருக்கிறது. புது ஆயிலை அடித் துளை வழியே ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் திருகை, பிறகு அடித் திருகைப் பூட்டினோம். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிவிடும்.

வேப்பர் செப்பரேட்டரின் அடியில் வடிகால் திருகு உண்டு. மருந்து கலந்த பெட்ரோலை அதிலேயே விட்டுவைக்கலாம் என்பாரும் உண்டு. தகரக் கொட்டகைக்குள் ஏப்ரல், மே வெயிலை நினைத்து நான் வடித்துவிட்டேன். டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓடியதால் பம்ப்பின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் மகனின் பைக்குக்குப் போனது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஸ்பார்க் வராதபடி அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினோம்.

இம்பெல்லரைக் கழற்றியே வைத்தோம். இது கையேட்டில் இல்லை, என் முடிவு. கீழ்ப்பாகத்தைக் கழற்றுவது அரை மணி நேர வேலை. ரப்பர் வளையாமல், நிழலில், டப்பாவுக்குள் இருக்கும். இம்பெல்லர் இல்லாததால் மாதம் ஒருமுறை எஞ்சினைப் பயமில்லாமல் கையால் சுற்றவும் முடிந்தது.

எஞ்சினைப் படகிலிருந்து இறக்கி, கொட்டகையில் மரச் சட்டத்தில் நேராக நிறுத்தினோம். சாய்த்து வைத்தால் புரொப்பெல்லர் பக்கம் தண்ணீர் தேங்கும். எல்லாத் துளையிலும் துணிச் சுருள், ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் வெளியே தொங்கியது. குளவி புகாது, இறக்கும்போது மறக்கவும் மாட்டோம். பேட்டரி வீட்டுக்குள் போனது. மாதம் ஒருமுறை மீட்டரில் பார்த்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுவதும் டிஸ்டில்டு வாட்டர் பார்ப்பதும் மகள் பொறுப்பு. எஞ்சினுக்குப் பதில் தான் அரிபட மாட்டியிருக்கும், கடல் எஞ்சினில் வந்த துத்தநாகக் கட்டி நல்ல தண்ணீரில் மேலே பொருக்குக் கட்டி வேலை செய்யாமல் போகும். அதைக் கழற்றி அலுமினியக் கட்டி போட்டோம்.

ஜூன்: திரும்ப இறக்கியபோது

ஜூன் மூன்றாம் வாரம் இம்பெல்லரை மாட்டி, துணிகளை எண்ணி எடுத்து, டிரம்மில் நிறுத்தினோம். பல்பை அமுக்கியபோது அது உறுதியாகாமல் அமுங்கிக்கொண்டே போனது. பார்த்தால் பல்பின் மடிப்பில் மயிரிழை வெடிப்பு. ஹோஸையும் பல்பையும் கொட்டகை ஓரம் வெயில் விழும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். எஞ்சினுக்குள் அத்தனை பார்த்த நாங்கள் வெளியே தொங்கிய ரப்பரை யோசிக்கவில்லை. பென்னாகரத்தில் கிடைக்காமல் மேட்டூர் போய் வாங்கி வந்ததில் ஒரு நாள் போனது.

மறுநாள் காலை இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து ஒரு நிமிடம் வெள்ளைப் புகை வந்தது, எதிர்பார்த்ததுதான். பீய்ச்சும் துளையிலிருந்து தண்ணீர் சுண்டு விரல் தடிமனுக்கு வளைந்து விழுந்தது. உரிமையாளர் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சூடு பார்த்தார். ஜூன் கடைசியில் அணை மறுபடி நிரம்பியபோது படகு தண்ணீரில் இருந்தது.

இனி மாற்றுவது

ரப்பர் எல்லாம், ஹோஸ், பல்பு உட்பட, டப்பாவுக்குள் போகும். ஒரு பல்பு கையிருப்பில் இருக்கும். நான் பழுது பார்க்கும்போது டேங்கிலிருந்து தொடங்குவேன். கண்ணாடி பாட்டில் இப்போது என் கருவிப் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் தண்ணீர் வற்றும் வரை காத்திருக்காமல் அப்போதே வேலையைச் செய்துவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். தண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதும் சேர்ந்தது.

இம்பெல்லரைக் கழற்றி வைக்கும் முறையில் ஓர் ஆபத்து உண்டு. நான் இல்லாத நாளில் வேறு யாராவது அவசரத்துக்கு எஞ்சினை எடுத்து மாட்டி ஓட்டினால் சில நிமிடத்தில் எல்லாம் வெந்துபோகும். அதற்காக ஸ்டார்ட் சாவியை இம்பெல்லர் டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்தோம். கயிற்றை இழுத்துவிடாமல் இருக்க, எஞ்சின் மூடியின் மேல் மகள் சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்: 'உள்ளே இம்பெல்லர் இல்லை. ஓட்டாதீர்கள். 2025 பிப்ரவரி.'